சீனிக்கடைக்காரர் காம்பவுண்டின் சுவர்கள்

வெள்ளூரணியைப் பெரிய ஊர்க்காரர்கள் பட்டிக்காடு என்பார்கள், சுத்துப்பட்டிக்காரர்கள் டவுன் என்பார்கள், அங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு இந்த வழக்கில் தலையிட நேரம் கிடையாது, அவர்கள் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் பஞ்சு குடோன்களுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, சீனிக்கடைக்காரர் காம்பவுண்டு என்று ஒன்று இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், வீடு என்றால் ஓர் அறை, அந்த அறையின் மூலையிலேயே அடுப்பு, நடுவில் ஒரு முடுக்கு, முடுக்கின் கடைசியில் எல்லாருக்குமாக ஒரு குழாய், எல்லாருக்குமாக இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. இந்தக் காம்பவுண்டின் வீடுகள்தான் ஒரு சித்திரை மாதத்தில் சிறுக்கத் தொடங்கின.

முதலில் கண்டுபிடித்தவள் சண்முகக்கனி. கண்டுபிடித்தாள் என்பதுகூட அதிகம், அவள் புருஷனைத் திட்டினாள், அவ்வளவுதான். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த துணிக்கொடி தொய்ந்து கிடந்தது. "ஒரு கயித்தை இழுத்துக் கட்டத் துப்பில்ல, நீயெல்லாம் லாரியில மூட்டை கட்டி, அது ஊர் போய்ச் சேருதாக்கும்" என்றாள். அய்யாச்சாமி பஞ்சுப்பேட்டையில் லோடுமேன், கட்டுகிற தொழிலில் குறை சொன்னால் பொறுக்காதவன், பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்து இழுத்துக் கட்டினான். மறுநாள் காலையில் கொடி மறுபடி தொய்ந்து, சேலை முந்தானை குழம்புச் சட்டியில் கிடந்தது. மறுபடி கட்டினான், மறுபடி தொய்ந்தது. கயிற்றிலும் கோளாறில்லை, முடிச்சிலும் கோளாறில்லை, சுவர்கள் ரெண்டும் ஒன்றையொன்று பார்த்து வந்துகொண்டிருக்கின்றன என்பது, பீரோக் கதவைத் திறக்க முடியாமல் கட்டிலில் போய் இடித்தபோதுதான் விளங்கியது.

"ஏங்க, வீடு சிறுக்குது" என்றாள் கனி.

அய்யாச்சாமி ரெண்டு சுவரையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தான். "ஆமா, சிறுக்குது. கட்டிலை வித்துருவோமா?" என்றான்.

காம்பவுண்டில் விசாரித்தால் வீட்டுக்கு வீடு இதே கதை. நம் வீடு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று ஒவ்வொருத்தரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மா, முடுக்கு வாசலில் இட்லிக் கடை போடுகிறவள், "அட போக்கா, நான் குண்டாயிட்டேன்னு நெனச்சு ராத்திரிச் சோத்தையே விட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்கு இது தொந்தரவு, கனிக்கு மட்டும் இது மகள் விஷயம். அவளுடைய ஒரே மகள் சுகன்யாவை முந்தின வருஷம்தான் கோயில்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். மகள் இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெறுவது ஆஸ்பத்திரியில் என்றாலும், பெற்று வந்த பச்சை உடம்புக்காரி படுத்துக் கிடக்கவும், வெந்நீர் ஊற்றிக்கொள்ளவும், காய மருந்து தின்னவும், பிள்ளைக்குப் பாலைக் கொடுத்துவிட்டுக் கவலையில்லாமல் தூங்கவும் ஒரு தாய் வீடு வேண்டும். கனிக்கு அது கிடைக்கவில்லை. அவளுக்குத் தாய் இல்லை. சுகன்யாவைப் பெற்ற கையோடு மாமியார் வீட்டில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தவள் அவள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுவின அந்தப் பாத்திரங்களை அவள் யாருக்கும் மன்னிக்கவில்லை. என் மகள் என் வீட்டில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருப்பாள் என்பதுதான் அத்தனை வருஷமாக அவளுடைய ஒரே வீம்பு. அந்த வீம்புக்கு ஓர் ஆள் படுக்கிற இடம் வேண்டும், சுவர்களோ வந்துகொண்டிருந்தன.

காம்பவுண்டு பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும்? கட்டில்கள் போயின, பீரோக்கள் முடுக்குக்கு வந்து தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன, டிவி குழாயடிக்கு வந்தது, தண்ணீர் பிடிக்கிறவர்கள் சீரியல் பார்த்துக்கொண்டே குடத்தை நிரம்பவிட்டார்கள். தூங்கும்போது எல்லாரும் ஒரே பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார்கள், யாருக்காவது விலா வலித்தால் "திரும்பு" என்று ஒரு குரல் கொடுக்க, குடும்பம் மொத்தமும் ஒன்றாகத் திரும்பிப் படுத்தது. புருஷன் பெஞ்சாதிக்குச் சண்டை வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள இடமில்லாததால் வெளியே வந்து குழாயடியில் சண்டை போட்டுவிட்டு, உள்ளே போகும்போது சமாதானமாகிப் போனார்கள். தும்மல் வந்தால் வாசலைப் பார்த்துத் தும்ம வேண்டும் என்பது மரியாதையானது. பெண் கேட்டு வருகிறவர்கள் நகை நட்டு விசாரிப்பதற்கு முன்னால் "இன்னும் எவ்வளவு இருக்கு உங்க வீடு?" என்று கேட்டார்கள். கடைசி வீட்டுத் தாத்தா இறந்தபோது உள்ளே கிடத்த முடியாமல் உட்கார்ந்த வாக்கிலேயே வைத்து மாலை போட்டார்கள், "மகராசன், சாமியாராட்டம் போறாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள், அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

காலி செய்துவிட்டு வேறு வீடு போகலாமே என்று கேட்பவர்கள் வெள்ளூரணியில் வீடு தேடாதவர்கள். கனியும் அய்யாச்சாமியும் தேடாத தெரு இல்லை. முதல் கேள்வி என்ன ஆளுக என்பது, இரண்டாவது கேள்வி கறி மீன் சமைப்பீங்களா என்பது, மூன்றாவது கேள்விக்கு யாரும் போனதே இல்லை. ஒரு வீட்டில் மட்டும் ஓர் அம்மா நல்லபடியாகப் பேசி, மோர் கொடுத்து, "பிரசவத்துக்குன்னா வேணாம்மா, எங்களுக்குத் தீட்டு ஆகாது" என்று கதவைச் சாத்தினாள்.

சீனிக்கடைக்காரர் செத்துப்போய் அவர் மகன் ராஜபாண்டிதான் இப்போது சொந்தக்காரர். அவர் பைக்கில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். "சுவர் உள்ள வருதுன்னா என்ன அர்த்தம்? கட்டடம் கெட்டியாயிட்டு வருதுன்னு அர்த்தம். விரிசல் விட்டாத்தான் பயப்படணும்" என்றார். பிறகு, அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வராது என்று அப்பாவை நினைத்துக் கண் கலங்கினார். அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பும்படி ஆகிவிட்டது.

தாலுகா ஆபீஸில் சொல்லிப் பார்த்தார்கள். அலைய வைத்து அலைய வைத்து ஒரு நாள் சர்வேயர் ஒருவர் டேப்போடு வந்தார். நல்ல மனுஷன், வெயிலில் வந்தவர், கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். கனி வீட்டுக்குள் தலையைக் குனிந்துதான் நுழைந்தார், குனிந்தபடியேதான் நின்றார், ஒரு கையால் ஒரு சுவரையும் மறு கையால் மறு சுவரையும் தொட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் டேப்பை விரித்துப் பார்த்தால் பத்தடிக்குப் பத்தடி. வெளியே கொண்டுபோய் உதறி, மறுபடி உள்ளே வந்து வைத்தால் மறுபடியும் பத்தடிக்குப் பத்தடி. உள்ளே போன டேப் அந்த வீட்டுக்குத் தக்கபடி நடந்துகொண்டது.

"சார், நீங்களே குனிஞ்சுதான நிக்கிறீங்க?" என்றாள் கனி.

"குனிஞ்சுதாம்மா நிக்கிறேன். எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார் அவர். "ஆனா நான் என் கழுத்தை எழுத முடியாது. டேப்பு சொல்றதைத்தான் எழுதணும்." எழுதிக்கொண்டு போனார். போகும்போது கனியின் கையைப் பிடித்து, "பாத்து இருந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார், அந்த நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கனிக்கு அந்த யோசனை வந்தது, வராமலே இருந்திருக்கலாம். குழாயடியில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டாள். "இந்த வீடுகளுக்கு யாராச்சும் பால் காய்ச்சினாங்களா? மாடு உள்ள போச்சா?" யாரும் பார்த்ததில்லை. சீனி மூட்டை அடுக்கக் கட்டின குடோன் அது, பிறகு குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து ஆட்களைக் குடிவைத்துவிட்டார்கள். "அதான் பாருங்க. நாம குடியிருக்கோம்னு அதுக்குத் தெரியல. மூட்டைன்னு நெனச்சுத்தான் நெருக்குது. ஒரு பசு கால் வச்சுப் பால் பொங்கிருச்சுன்னா வீடுன்னு புரிஞ்சுக்கும்" என்றாள். கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஆளாளுக்கு நொந்துகொண்டார்கள். அந்தோணியம்மாகூட, "எங்க ஃபாதரையும் ஒரு எட்டு வந்து மந்திரிச்சிட்டுப் போகச் சொல்றேன், ரெண்டும் சேர்ந்தா நல்லதுதான" என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி வர இருக்கிற வீடு என்று கனி வீட்டில்தான் முதலில் வைத்தார்கள். மாவிலை கட்டி, வாசலில் கோலம் போட்டு, பஞ்சுப்பேட்டையில் மாடு வளர்க்கிற சங்கிலியின் செவலைப் பசுவைக் கொம்புக்கு மஞ்சள் தடவிக் கூட்டி வந்தார்கள். பசு ஒரு முரண்டும் பண்ணாமல் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனது, பெண்கள் குலவை போட்டார்கள், அதன் கழுத்துக்குக் கீழே குனிந்து கனி பால் காய்ச்சினாள், பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது, அதே நேரத்தில் பசு வீடு நனைய மூத்திரமும் பெய்தது, இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று காம்பவுண்டே கையெடுத்துக் கும்பிட்டது. அப்புறம்தான் சங்கிலி, "சரி, மாட்டைத் திருப்புங்க" என்றான்.

திருப்ப இடமில்லை. ஐயோ, இத்தனை பேர் கூடி இத்தனை யோசித்ததில், உள்ளே போகிற மாடு திரும்பி வர வேண்டும் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை! பின்பக்கமாகவே நடத்திப் பார்த்தார்கள், அது நடக்க மாட்டேன் என்றது. வாலைப் பிடித்து இழுத்தார்கள், அது சுவரை உதைத்தது. புல்லைக் காட்டினார்கள், பருத்திக்கொட்டையைக் காட்டினார்கள், கன்றைக் கொண்டுவந்து வாசலில் கத்தவிட்டார்கள், பசு உள்ளேயிருந்து பதிலுக்குக் கத்தியது, தாயும் பிள்ளையும் மாறி மாறிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு காம்பவுண்டில் யாரும் சோறு தின்னவில்லை. மறுநாள் விடிந்தபோது இரண்டு பக்கச் சுவரும் அதன் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தன. "என் மாட்டைக் கொல்லப் பாக்கீங்களாடா!" என்று சங்கிலி மண்ணை வாரித் தூற்றினான். வேறு வழியில்லாமல் அய்யாச்சாமி கடப்பாரையை எடுத்து வாசல் நிலையைப் பெயர்த்து, அதைச் சுற்றிய சுவரையும் இடித்து, பசுவை வெளியே எடுத்தான். அது கன்றை நக்கிக் கொடுத்துவிட்டு, கோலத்தை மிதித்துக்கொண்டு போயிற்று.

இடித்த செங்கலை வைத்தே சுவரைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் நிலை பொருந்தவில்லை, வீடு அதற்குள் இன்னும் சிறுத்துவிட்டிருந்தது. நிலை இல்லாமலே வாசலை விட்டார்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது. காம்பவுண்டில் மற்ற வீடுகள் என்னதான் சிறுத்தாலும் வாசல் மட்டும் பழைய வாசலாகவே இருந்ததற்குக் காரணம், அந்த வேம்பு நிலைகள் முட்டுக் கொடுத்து நின்றதுதான் என்பது இப்போதுதான் தெரிந்தது. கனி வீட்டுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை, வாசலும் சேர்ந்து சிறுக்க ஆரம்பித்தது. யார் மேலும் பழி போட முடியாது, அவளே கூப்பிட்டு, அவளே குலவை போட்டு, அவளே செய்துகொண்டது. கனி முடுக்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ராஜபாண்டி வந்து பைக்கில் இருந்தபடியே, "நிலையைப் பேத்தா வீடு சிறுக்கத்தாம்மா செய்யும்" என்றார்.

சம்பந்தி பாக்கியத்தாய் போன் செய்து, வளைகாப்பு முடிஞ்சாச்சே, எப்ப கூட்டிட்டுப் போறீக என்று கேட்டாள். ஆடி பிறந்துருச்சு சம்பந்தி, ஆடியில அழைக்கக் கூடாதுல்ல என்றாள் கனி. ஆடி போனதும், சுகன்யா அப்பாவுக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு என்றாள். அப்புறம் வெள்ளையடிக்கிறோம் என்றாள். வெள்ளையடித்தது பொய்யில்லை, வாசலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி மொத்த வீட்டையும் அடித்து முடித்துவிட்டாள். கடைசியில் பாக்கியத்தாய், "உங்களுக்கு இஷ்டமில்லன்னா நேரடியாச் சொல்லுங்க, நாங்களே பாத்துக்கிறோம்" என்றாள். கனிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சுகன்யா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு பை, முன்னால் அவ்வளவு பெரிய வயிறு. முடுக்கில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"யம்மா, நம்ம வீடு எங்கம்மா?"

கனி காட்டினாள். மகள் அழுவாள் என்று நினைத்தாள், அவள் சிரித்துவிட்டாள். "இதுக்காகவாம்மா வர வேணாம் வர வேணாம்னு சொன்ன? நான் உனக்கு என் மேல என்ன கோவமோன்னு தெனம் அழுதுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு உள்ளே போகப் பார்த்தாள். நேராகப் போனால் தோள் இடித்தது, பக்கவாட்டில் போனால் வயிறு இடித்தது. கடைசியில் மண்டி போட்டு, கையை ஊன்றி, அம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, தவழ்ந்து உள்ளே போய் ஒருக்களித்துச் சுருண்டு படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். மாமியார் வீட்டில் அந்த மாதிரித் தூக்கம் வரவே இல்லை என்று எழுந்ததும் சொன்னாள். கனி வாசலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் கனி சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. அய்யாச்சாமி பேட்டையில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டான், அவள் முடுக்கில் பீரோவோடு பீரோவாகப் படுத்துக்கொண்டாள், மகள் தாய் வீட்டுக்குள் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாத நாட்களில் வீடு சும்மா இருக்கவில்லை என்பது தெரிந்தது. அந்தோணியம்மா, எதிர்த்த வீட்டுக்காரர்கள், எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க என்றார்கள், மனசார்த்தான் சொன்னார்கள், ஆனால் அவர்கள் வீட்டிலேயே ஆட்கள் ஷிஃப்டு போட்டுத்தான் உள்ளே போனார்கள். சுகன்யா முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, அந்த வளைவுக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு படுத்தாள். கனி வெந்நீர் ஊற்றுவது, சாம்பிராணி போடுவது, மருந்து கிண்டுவது எல்லாம் முடுக்கில் செய்து, உள்ளே கையை நீட்டி ஊட்டிவிட்டாள். ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு சடங்கும் விடவில்லை.

பேத்தியைப் பார்க்கப் பாக்கியத்தாய் வந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காம்பவுண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். கனி கொடுத்த காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "கார் வச்சுத்தான் வந்திருக்கேன்" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிர்றேன் சம்பந்தி. உங்களைக் குத்தம் சொல்லல. பச்சப்புள்ளை."

"நான் அம்மாகிட்டயே இருக்கேன் அத்தை" என்றது உள்ளேயிருந்து சுகன்யாவின் குரல்.

"முப்பது நாள் கழியட்டும் சம்பந்தி" என்றாள் கனி. கெஞ்சவில்லை, கெஞ்சினால் தோற்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். "இங்க என்ன குறைச்சல்? இடமிருக்கு. நல்லாப் பாருங்க, பிள்ளை காலை நீட்டித்தான் படுத்திருக்கா."

குழந்தை கொட்டாவி விட்டு, உடம்பை முறுக்கி, காலை நீட்டியது. பாதம் போய்ச் சுவரில் இடித்தது. அது சிணுங்குவதற்குள் கனி வாசல் வழியே கையைவிட்டு, பாதத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துவிட்டாள். குழந்தை உள்ளங்கையை உதைத்துப் பார்த்தது, மெத்தென்று இருக்கவும் பேசாமல் தூங்கிவிட்டது. கனியின் புறங்கையில் சுவர் ஜில்லென்று பட்டது, பிறகு அழுத்தியது, பிறகு விரல் கணுக்களை ஒவ்வொன்றாக நெருக்கத் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை, முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை.

"காப்பி ஆறுது, குடிங்க சம்பந்தி" என்றாள்.